ஜேம்ஸ் வாட்டுக்கு முன்னால் நீராவி என்ஜின்: சுரங்கத் தண்ணீரும் நிலக்கரிக் கணக்கும்

"ஜேம்ஸ் வாட் கெட்டில் மூடி துள்ளுவதைப் பார்த்து நீராவி என்ஜினைக் கண்டுபிடித்தார் என்று பள்ளியில் படித்தோம். அது உண்மையா? ரயில் வருவதற்கு முன்னால் அந்த என்ஜினை வைத்து என்னதான் செய்தார்கள்?" இதுதான் கேள்வி.

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில், இல்லை என்பதுதான். வாட் பிறந்தது 1736 ஜனவரியில். அதற்கு 24 வருடம் முன்பே, 1712-ல், இங்கிலாந்தின் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நீராவி என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வாட் தொட்டிலில் கிடந்த காலத்தில் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலுமாக அந்த வகை என்ஜின்கள் நூறைத் தாண்டியிருந்தன. கெட்டில் கதை அவர் இறந்த பிறகு பரவியது. இரண்டாவது பாதிக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: தண்ணீர் இறைத்தார்கள். முதல் எழுபது வருடத்துக்கு அதற்கு வேறு பெரிய வேலையே கிடையாது.

ஆனால் இந்தச் சுருக்கமான பதிலோடு விட்டுவிட மனம் வரவில்லை. பாடப்புத்தகங்கள் இந்த வரலாற்றைப் பெயர்ப் பட்டியலாகச் சொல்கின்றன. சேவரி, நியூகோமன், வாட், ஸ்டீவன்சன் என்று வரிசையாக ஒருவர் கண்டுபிடித்ததை அடுத்தவர் திருத்தியதாகக் கதை போகிறது. எனக்கு இது விளங்கியது வேறு வழியில். ஒவ்வொரு கட்டத்திலும், "இந்த என்ஜின் தின்னும் நிலக்கரிக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?" என்று கேட்டுப் பார்த்தேன். எந்த என்ஜின் எங்கே போனது, ஏன் அங்கே போனது, ஏன் சில இடங்களில் பழையதையே நூறு வருடம் வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெளிவானது.

தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் மேல்மட்டத்து நிலக்கரி பல இடங்களில் தீர்ந்துகொண்டிருந்தது. தென்மேற்கே கார்ன்வாலில் தகரமும் செம்பும் எடுக்கிறவர்களுக்கும் இதே நிலைதான். ஆழமாகத் தோண்டத் தோண்ட ஊற்றுத் தண்ணீர் வந்து சுரங்கத்தை நிரப்பியது. குதிரைகளைச் செக்குமாடு மாதிரி சுற்றவிட்டு வாளி வாளியாக இறைத்தார்கள். நம் ஊர்க் கமலையில் மாடு முன்னும் பின்னும் போகும், அங்கே குதிரை வட்டமாகச் சுற்றும், அவ்வளவுதான் வித்தியாசம். ஓர் ஆழத்துக்குக் கீழே குதிரைத் தீனிச் செலவே நிலக்கரி விற்ற காசைத் தின்றுவிடும். அந்த இடத்தில் சுரங்கத்தை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

இதே நூற்றாண்டில் வேறொரு பக்கம் அறிஞர்கள் காற்றின் எடையைப் புரிந்துகொண்டிருந்தார்கள். கிணற்றுப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது கையால் தொட்டுப் பார்த்த விஷயம். மோட்டாரைத் தரையில் வைத்துவிட்டு 40 அடி ஆழத்துத் தண்ணீரை இழுக்க முடியாது. 25 அடி தாண்டினாலே திணறும். அதனால்தான் கிணற்றுக்குள் திட்டு கட்டி மோட்டாரைக் கீழே இறக்கினோம். உண்மையில் பம்ப் தண்ணீரை இழுப்பதே இல்லை. அது குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்கிறது, வெளியே இருக்கும் காற்று தண்ணீரை உள்ளே அமுக்கித் தள்ளுகிறது. காற்றால் அப்படித் தள்ள முடிந்த உயரம் 33, 34 அடிதான். இத்தாலியின் டோரிசெல்லி 1643-ல் பாதரசக் குழாயை வைத்து இதை விளக்கினார். ஜெர்மனியின் ஆட்டோ வான் குவெரிக்கே இரண்டு அரைக்கோளச் செம்புக் கிண்ணங்களைச் சேர்த்து உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, இருபுறமும் எட்டெட்டுக் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் சொன்னார். பிரிக்க முடியவில்லை. நம் தலைமேல் இருக்கும் காற்றுக்கு எத்தனை குதிரைகளின் பலம் என்று ஊரே கண்ணால் பார்த்தது.

அப்படியானால் ஒரு பாத்திரத்துக்குள் வெற்றிடத்தை உண்டாக்கிவிட்டால் போதும், வேலையைக் காற்றே செய்யும். வெற்றிடத்தை எளிதாக உண்டாக்குவது எப்படி? தண்ணீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகுகிறது. பாத்திரத்தை ஆவியால் நிரப்பி மூடிக் குளிரவைத்தால் அத்தனையும் சில சொட்டுத் தண்ணீராகச் சுருங்கிவிடும், மிச்சமெல்லாம் வெற்றிடம். பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பன் 1690-ல் ஒரு சின்ன சிலிண்டருக்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டன் வைத்து இதைச் செய்து காட்டினார். இவரை நமக்கெல்லாம் அடுக்களையிலேயே தெரியும். 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இவர் காட்டிய "டைஜஸ்டர்" என்ற பாத்திரம்தான் இன்றைய பிரஷர் குக்கரின் மூதாதை. வெடித்துவிடாமல் இருக்க ஆவியின் மேல் எடை வைக்கும் வால்வையும் அவர்தான் போட்டார். குக்கர் விசில் என்று நாம் சொல்வது அதன் வாரிசு.

1698-ல் தாமஸ் சேவரி ஒரு காப்புரிமை வாங்கினார். அவர் கருவியில் பிஸ்டன் கிடையாது. ஒரு பெரிய கலத்தை ஆவியால் நிரப்பி, மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். வெற்றிடம் உண்டாகிச் சுரங்கத் தண்ணீர் கலத்துக்குள் ஏறும். பிறகு பாய்லரிலிருந்து அழுத்தமான ஆவியை விட்டு அந்தத் தண்ணீரை மேலே தள்ளுவார்கள். "சுரங்கத் தொழிலாளியின் நண்பன்" என்று பெயர் வைத்து 1702-ல் அதை விளக்கிப் புத்தகமும் போட்டார். ஆனால் சுரங்கத்தில் அது எடுபடவில்லை. ஏற்றும்போது 25 அடிக் கணக்கு மறித்தது. தள்ளும்போது ஆவியின் சூட்டில் ஈயப் பற்றுகள் உருகிப் பிளந்தன. மாளிகைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிற அளவோடு அது நின்றுபோனது. ஆனால் காப்புரிமை மட்டும் நிற்கவில்லை. நாடாளுமன்றம் அதை 1733 வரை நீட்டித்தது. "நெருப்பின் சக்தியால் தண்ணீர் ஏற்றுவது" என்று அகலமாக எழுதப்பட்டிருந்ததால், பின்னால் வந்த எவரும் சேவரியின் உரிமைக்குள்தான் நுழைய வேண்டியிருந்தது.

அப்படி நுழைந்தவர் தாமஸ் நியூகோமன். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். டெவன் மாவட்டத்தில் டார்ட்மத் என்ற துறைமுக ஊரில் இரும்புச் சாமான் வியாபாரி. பாப்டிஸ்ட் சபையில் போதகராகவும் இருந்தார். பல்கலைக்கழகப் பக்கம் போனவரில்லை. சுரங்கங்களுக்குக் கருவிகள் விற்கப்போன இடத்தில் தண்ணீர்ப் பிரச்சினையைப் பார்த்திருக்க வேண்டும். ஜான் கேலி என்ற கைவினைஞரைச் சேர்த்துக்கொண்டு பல வருடம் முட்டிமோதி, 1712-ல் டட்லியில் அவர் நிறுத்திய என்ஜினின் வேலைமுறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நம் ஊர் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கால், அதன்மேல் ஆடும் துலா. ஒரு முனையில் சால், மறுமுனைப் பக்கம் ஆள் ஏறி நடப்பார். நியூகோமன் என்ஜினிலும் கனமான மரத்துலா ஒன்று உயரத்தில் ஆடுகிறது. ஒரு முனையிலிருந்து சுரங்கத்துக்குள் பம்ப்புத் தண்டு தொங்குகிறது. மறுமுனையில், ஆள் நடக்க வேண்டிய இடத்தில், சங்கிலியில் பிஸ்டன் தொங்குகிறது. பிஸ்டன் இருக்கும் சிலிண்டர் மேலே திறந்தே இருக்கும். கீழே பாய்லர். பம்ப்புத் தண்டின் கனத்தால் பிஸ்டன் தானாக மேலே ஏறும்போது அடியில் ஆவி நிரம்பும். பிறகு ஆவியை அடைத்துவிட்டு சிலிண்டருக்குள் பச்சைத் தண்ணீரைப் பீச்சுவார்கள். ஆவி சட்டென்று சுருங்கி வெற்றிடமாகும். மேலே திறந்திருக்கும் பக்கத்திலிருந்து காற்று பிஸ்டனை அமுக்கும். துலா சாயும், மறுமுனையில் தண்ணீர் மேலே வரும். வேலை செய்தது காற்று. ஆவி வெற்றிடம் உண்டாக்கிக் கொடுத்ததோடு சரி.

உள்ளே தண்ணீர் பீச்சுவது யோசித்துக் கண்டதல்ல, ஒரு விபத்தில் கிடைத்தது என்று ஸ்வீடன் பொறியாளர் மோர்ட்டன் டிரீவால்ட் எழுதியிருக்கிறார். முதலில் சிலிண்டருக்கு வெளியேதான் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தார்களாம். அதற்கு நேரம் பிடித்தது. ஒரு நாள் பற்றுவைத்த இடம் விட்டுப்போய், ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்ததும் பிஸ்டன் படாரென்று இறங்கி சிலிண்டரின் அடியையும் பாய்லர் மூடியையும் நொறுக்கிவிட்டது. நொறுங்கியதைப் பார்த்துக் கவலைப்படாமல், ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்டார்கள் பாருங்கள், அதுதான் பெரிது.

அந்த டட்லி என்ஜினின் சிலிண்டர் 21 அங்குல விட்டம், கிட்டத்தட்ட 8 அடி உயரம். நிமிடத்துக்கு 12 முறை ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 153 அடி ஆழத்திலிருந்து 10 கேலன் தண்ணீர், அதாவது சுமார் 45 லிட்டர், மேலே வந்தது. கணக்குப் போட்டால் ஐந்தரைக் குதிரைத்திறன். நம் தோட்டத்து மோட்டார் அளவுதான். ஆனால் குதிரைக்கு ஓய்வு வேண்டும், இதற்கு வேண்டாம்.

இது தின்ற நிலக்கரிதான் வயிற்றைக் கலக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் சிலிண்டரைக் குளிரவைத்து, அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி சுடவைக்க வேண்டும். எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றில் அரைப் பங்குதான் வேலையாக மாறியது. 100 ரூபாய்க்குக் கரி எரித்தால் 50 காசுக்கு வேலை. இருந்தும் சுரங்கக்காரர்கள் வாங்கி நிறுத்தினார்கள் என்றால், காரணம் சுரங்க வாசலில்தான் இருந்தது. பெரிய கட்டிகளை வண்டியேற்றிச் சந்தைக்கு அனுப்பிய பிறகு தூளும் பொடியும் மலையாகக் குவியும். அதை வாங்க ஆள் கிடையாது. விற்காத பொடிக்கு விலை இல்லை, விலையில்லாததை எவ்வளவு தின்றால் என்ன? நியூகோமன் என்ஜின் பிறக்க உலகத்திலேயே பொருத்தமான இடம் நிலக்கரிச் சுரங்கத்தின் வாசல்தான். வேறெங்கே பிறந்திருந்தாலும் செலவு தாங்காமல் மறைந்திருக்கும்.

அது பரவிய வேகத்தையும் பாருங்கள். 1722-ல் இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள நோவா பான்யா சுரங்கத்துக்குப் போய்விட்டது. 1750-களில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூ ஜெர்சியின் செம்புச் சுரங்கத்துக்குப் போனது. லண்டனில் தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரை வீடுகளுக்கு ஏற்றியது. சிலிண்டர்களை முதலில் பித்தளையில் வார்த்தார்கள், விலை பயங்கரம். 1720-களிலிருந்து ஷ்ராப்ஷயரின் கோல்புரூக்டேல் வார்ப்புப் பட்டறை இரும்பிலேயே வார்த்துக் கொடுத்ததும் பெரிய சிலிண்டர்கள் கட்டுப்படியாகின. அதே கோல்புரூக்டேலில் 1740-களில் ஒரு நூதன வேலைக்கு என்ஜினை வைத்தார்கள். இரும்பு உருக்கும் உலைக்குக் காற்று ஊதும் துருத்திகளை நீர்ச்சக்கரம் ஓட்டியது. கோடையில் ஓடை வற்றினால் உலையை அணைக்க வேண்டும். எனவே சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே போன தண்ணீரை என்ஜினால் மறுபடி மேல் குளத்துக்கே ஏற்றினார்கள். ஆட்டம்போடும் என்ஜினால் சக்கரத்தை நேரடியாகச் சுற்றத் தெரியாத காலத்தில் தண்ணீரையே இடைத்தரகராக வைத்துக்கொண்ட கெட்டிக்காரத்தனம் இது. பின்னாளில் சில பருத்தி ஆலைகளும் இதே வழியில் ஓடின.

இங்கே ரஷ்யாவின் இவான் போல்சுனோவைச் சொல்லாமல் போக முடியவில்லை. சைபீரியாவின் பர்னவுலில், நீர்ச்சக்கரமே இல்லாமல் உலைத் துருத்தியை ஓட்ட இரண்டு சிலிண்டர் என்ஜின் ஒன்றைக் கட்டினார். 1766 மே மாதம், அது ஓடத் தொடங்குவதற்கு முன்பே, காசநோயில் இறந்துபோனார். என்ஜின் சில மாதம் ஓடி நின்றது. பழுது பார்க்க அவர் இல்லை, பிறகு எவரும் அதைத் தொடவும் இல்லை. பிரிட்டனில் என்ஜின் தெரிந்த ஆட்கள் பலர் இருந்தார்கள். அங்கே அவருக்கு மாற்று ஆள் இல்லை.

சரி, கார்ன்வாலுக்கு வருவோம். அங்கே தகரமும் செம்பும் உண்டு, நிலக்கரி கிடையாது. ஒவ்வொரு மூட்டையும் சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்தது. ஆழமான சுரங்கங்களுக்குப் பெரிய என்ஜின்கள் வேண்டும், அவற்றின் பசிக்குக் காசு கொடுத்தே மாளவில்லை. நிலக்கரியை மிச்சம் பிடிக்கிற என்ஜினுக்கு இங்கேதான் ஏங்கினார்கள்.

மிச்சம் பிடிக்க முதலில் அளக்கத் தெரிய வேண்டும். ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் 1769-ல் நியூகாசில் வட்டாரத்து என்ஜின்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒரு புஷல், அதாவது சுமார் 40 கிலோ நிலக்கரி எரித்தால் எத்தனை பவுண்டு தண்ணீரை ஓர் அடி உயர்த்துகிறது என்பதுதான் அளவுகோல். சராசரியாக 55 லட்சம் பவுண்டு கிடைத்தது. சில வருடத்தில், புதிய தத்துவம் எதுவும் இல்லாமல், சிலிண்டரைச் சீராகக் கடைந்தும் அளவுகளைப் பொருத்தியும் பாய்லரைத் திருத்தியுமே 95 லட்சம்வரை கொண்டுவந்துவிட்டார். இவரைப் பள்ளிப் புத்தகங்கள் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய குறை.

இப்போதுதான் வாட் வருகிறார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பழுது பார்க்கிறவர். 1763-ல் வகுப்பில் காட்ட வைத்திருந்த நியூகோமன் என்ஜினின் சிறு மாதிரி அவர் கைக்கு வந்தது. பழுது சரிசெய்தார். ஆனாலும் சில ஆட்டத்தோடு நின்றுவிடும், பாய்லரில் ஆவி தீர்ந்துவிடும். ஏன் என்று அளந்து பார்த்ததில், ஆவியில் முக்கால் பங்கு சிலிண்டரைத் திரும்பச் சுடவைப்பதிலேயே போவது தெரிந்தது. சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்க வேண்டும், ஆவி குளிரவும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் எப்படி நடக்கும்? 1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ கிரீன் திடலில் நடந்துகொண்டிருந்தபோது விடை கிடைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பக்கத்தில் தனியாக ஒரு கலம். எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும் அதை சிலிண்டரோடு குழாயால் இணைத்து, குழாயைத் திறந்தால் ஆவி தானாக அங்கே பாய்ந்து சுருங்கும். சிலிண்டர் சூடாகவே இருக்கும். அந்தக் கலம்தான் கண்டென்சர்.

யோசனைக்கு ஒரு நடை போதுமானதாக இருந்தது. அதை என்ஜினாக்க 11 வருடம் ஆனது. காப்புரிமை 1769-ல் கிடைத்துவிட்டது. பணம் போட்ட ஜான் ரோபக் 1773-ல் நொடித்துப்போனார். அவருடைய பங்கு பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்ட்டனிடம் வந்தது. 1775-ல் நாடாளுமன்றம் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. சிலிண்டர்தான் கடைசித் தடை. வட்டம் சரியாக இல்லாவிட்டால் பிஸ்டன் ஓரத்தில் ஆவி கசியும். பழைய என்ஜினில் பிஸ்டன்மேல் தண்ணீர் தேக்கி ஒப்பேற்றலாம், வாட்டின் சூடான சிலிண்டரில் அது நடக்காது. ஜான் வில்கின்சன் 1774-ல் பீரங்கி துளையிட ஓர் இயந்திரம் செய்திருந்தார். அந்த வழியில் அவர் கடைந்து கொடுத்த 50 அங்குல சிலிண்டரில் எந்த இடத்திலும் பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிசகு இல்லை என்று போல்ட்டன் எழுதினார். 1776-ல் முதல் இரண்டு என்ஜின்கள் ஓடின. ஒன்று டிப்டன் நிலக்கரிச் சுரங்கத்தில், மற்றொன்று வில்கின்சனின் இரும்பு உலைக்குக் காற்று ஊத. பீரங்கிப் பட்டறை இல்லாமல் வாட் என்ஜின் இல்லை.

போல்ட்டனும் வாட்டும் என்ஜினை விற்ற முறை இன்னும் சுவாரசியம். பாகங்களை வாடிக்கையாளரே பல பட்டறைகளில் வாங்கிக்கொள்ள வேண்டும். வரைபடமும் சில முக்கிய உறுப்புகளும் ஆளும் இவர்கள் தருவார்கள். கூலியாக, பழைய என்ஜினோடு ஒப்பிட்டால் எவ்வளவு நிலக்கரி மிச்சமோ அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு. எத்தனை முறை ஆடியது என்று எண்ணப் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் ஓர் எண்ணிக்கைக் கருவி துலாவில் ஆடிக்கொண்டிருக்கும். நிலக்கரி விலை உச்சத்தில் இருந்த கார்ன்வாலில் மிச்சமும் அதிகம், அதனால் கட்டணமும் அதிகம். 1780-களின் முற்பகுதிக்குள் அங்கே பழைய என்ஜின்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. சுரங்க வாசலில் பொடி குவிந்து கிடந்த வடக்கே யாரும் அவசரப்படவில்லை. மிச்சம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை.

கார்ன்வால்காரர்கள் முதலில் மகிழ்ந்தார்கள், பிறகு ஆண்டுதோறும் கப்பம் கட்டுவது கசந்தது. ஜோனதன் ஹார்ன்புளோயர் போன்ற உள்ளூர்ப் பொறியாளர்கள் வேறு வகை என்ஜின் கட்ட முயன்றபோதெல்லாம் வாட்டின் காப்புரிமை குறுக்கே நின்றது. வாட்டின் மேதைமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1800 வரை அந்தக் காப்புரிமை மற்றவர்கள் கையைக் கட்டிப்போட்டது என்றே நினைக்கிறேன். அழுத்தமான ஆவியைப் பயன்படுத்துவது ஆபத்து என்று அவர் கடைசிவரை எதிர்த்தார்.

கார்ன்வால் சந்தை நிரம்பிவிடும் என்று முதலில் கண்டுகொண்டவர் போல்ட்டன். லண்டன், மான்செஸ்டர், பர்மிங்காம் மக்களுக்கு நீராவி ஆலைப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று 1781-ல் வாட்டுக்கு எழுதி, சுழலும் என்ஜின் செய்யச் சொல்லி நெருக்கினார். சாதாரண கிராங்க் ஒன்றைப் போட்டால் ஆட்டம் சுழற்சியாகிவிடும், ஆனால் அதை ஜேம்ஸ் பிக்கார்டு 1780-ல் காப்புரிமை எடுத்துவிட்டார். எனவே 1781-ல் ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிவரும் அமைப்பால் அதைத் தாண்டினார்கள். பிஸ்டனின் இருபக்கமும் மாறி மாறி ஆவி விடுவது 1782-ல் வந்தது. அப்புறம் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும், இரண்டு குண்டுகள் சுழலும் கவர்னர் 1788-ல் சேர்ந்தது.

முதலில் வரிசையில் நின்றவர்கள் மதுபானம் காய்ச்சுகிறவர்கள். லண்டனில் விட்பிரெட் நிறுவனம் 1785-ல் ஒன்றை வாங்கி, 24 குதிரைகள் சுற்றிய செக்குக்குப் பதிலாக நிறுத்தியது. பார்க்க மூன்றாம் ஜார்ஜ் மன்னரே வந்தார். அந்த என்ஜின் 1887 வரை உழைத்தது. இப்போது சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தின் சொத்து. இந்த வாடிக்கையாளர்களிடம் நிலக்கரி மிச்சக் கணக்கு செல்லாது, ஏனென்றால் அவர்களிடம் முன்பு இருந்தது குதிரைதான். எனவே "எத்தனை குதிரைக்குச் சமம்" என்று கணக்கிட வேண்டி வந்தது. நிமிடத்துக்கு 33,000 பவுண்டை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரைத்திறன் என்று வாட் வகுத்தார். லண்டனில் ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 6 பவுண்டு, வெளியூரில் 5 பவுண்டு கட்டணம். இன்று மின்வாரிய விண்ணப்பத்தில் 5 எச்.பி. என்று நாம் எழுதுவது, அந்தக் கட்டண ரசீதுக்காகப் பிறந்த அளவு.

1786-ல் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தருகே ஆல்பியன் மாவு ஆலை ராட்சத அளவில் எழுந்தது. 1791-ல் தீப்பற்றி எரிந்துபோனது, பிழைப்புப் போன மாவரைப்பவர்கள் அதைக் கொண்டாடினார்கள். பருத்தி நூற்பில் முதலில் வந்தது 1785-ல் நாட்டிங்காம்ஷயரின் பாப்பிள்விக் ஆலை. ஆனால் இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் திருத்த வேண்டும். நீராவி வந்தவுடன் ஆலைகளெல்லாம் மாறிவிடவில்லை. 1800-லும் பெரும்பாலான பருத்தி ஆலைகள் நீர்ச்சக்கரத்தில்தான் ஓடின. ஓடுகிற ஆற்றுக்குக் கரிச் செலவு கிடையாதே. போல்ட்டனும் வாட்டும் அதுவரை கட்டியது சுமார் 500 என்ஜின்கள், அதில் 300 சொச்சம் சுழலும் வகை. அந்த நூற்றாண்டில் பிரிட்டனில் நிறுவிய மொத்தம் இரண்டாயிரத்துக்கு மேல், பாதிக்கு மேல் நியூகோமன் வகைதான்.

காப்புரிமை 1800-ல் முடிந்ததும் கார்ன்வாலில் ரிச்சர்ட் டிரெவிதிக் பாய்ந்தார். கண்டென்சரே வேண்டாம், அழுத்தமான ஆவியே பிஸ்டனைத் தள்ளட்டும் என்றார். என்ஜின் சின்னதாகி, வண்டியில் ஏறும் அளவுக்கு வந்தது. 1803-ல் கிரீனிச்சில் அவர் பாய்லர் ஒன்று வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகு இரண்டாவது வால்வும், தண்ணீர் வற்றினால் உருகிவிடும் ஈய அடைப்பும் வைத்தார். குக்கர் மூடியில் விசிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சேஃப்டி வால்வு உருகிவிட்டது என்று கடையில் மாற்றுகிறோமே, அதே வேலைதான். 1804 பிப்ரவரி 21-ல் சவுத் வேல்ஸின் பெனிடாரன் இரும்பாலையில் அவருடைய வண்டி 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் 9 மைலுக்கு மேல் இழுத்துப் போனது. எடை தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன.

இன்னொரு பக்கம், கார்ன்வால் சுரங்கங்கள் 1811 முதல் ஒவ்வொரு என்ஜினின் கணக்கையும் மாதாமாதம் அச்சிட்டு வெளியிட்டன. யார் என்ஜின் குறைந்த கரியில் அதிகம் இறைத்தது என்று எல்லாருக்கும் தெரிந்ததால் போட்டி மூண்டது, நல்ல யோசனை ஒரு சுரங்கத்திலிருந்து அடுத்ததற்குத் தாராளமாகப் போனது. ஸ்மீட்டனின் அளவுகோலில் வாட் காலத்தில் 2 கோடி பவுண்டைத் தாண்டியிருந்த அளவு, 1835-ல் ஃபோவி கன்சால்ஸ் சுரங்கச் சோதனையில் 12.5 கோடியானது. அதே 40 கிலோ நிலக்கரிதான். காப்புரிமைப் பூட்டு இருந்த காலத்தையும் கணக்கைத் திறந்து வைத்த காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி மாணவர்களிடம் கேட்பதுண்டு.

தண்ணீர் வற்றியதால் இன்னும் ஆழத்துக்குப் போனவர்களை மறந்துவிடக் கூடாது. ஆழத்தில் தீப்பற்றும் வாயு இருந்தது. 1812 மே மாதம் வடக்கு இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் ஒரே வெடிப்பில் 92 பேர் இறந்தார்கள், பலர் சிறுவர்கள். சுரங்கத்துக்குள் பெண்களும் 10 வயதுக்குட்பட்ட பையன்களும் வேலை செய்வதைச் சட்டம் தடுத்தது 1842-ல்தான்.

ரயிலும் பொடிக்கரி மலையின் அடிவாரத்தில்தான் பிறந்தது. ஜார்ஜ் ஸ்டீவன்சன் சுரங்கத்தில் என்ஜின் பார்த்துக்கொண்ட தொழிலாளி. 1811-ல் கில்லிங்வொர்த்தில் யாராலும் ஓட்ட முடியாத ஒரு நியூகோமன் பம்ப்பை ஓடவைத்துத்தான் பெயர் வாங்கினார். நெப்போலியன் போரில் குதிரைத் தீனி விலை ஏறியபோது, கரி சும்மா கிடைக்கும் சுரங்கங்கள்தான் முதலில் இழுவை வண்டிகளுக்கு மாறின.

பழைய என்ஜின் என்ன ஆனது என்று கேட்டால், யார்க்ஷயரின் எல்செகரைச் சொல்வேன். அங்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் 1795-ல் நியூகோமன் வகை என்ஜினை நிறுவினார்கள். வாட்டின் கண்டென்சர் என்ஜின் ஓடத் தொடங்கி 19 வருடம் ஆன பிறகு. பக்கத்தில் பொடி குவிந்து கிடக்க, அவர்களுக்கு வாட் தேவைப்படவில்லை. அது 1923 வரை தண்ணீர் இறைத்தது. இன்றும் நிறுவிய இடத்திலேயே நிற்கிறது. டட்லியில் 1712 என்ஜினை முழு அளவில் திரும்பக் கட்டி, அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அது ஓடும் காணொளி கிடைத்தால் துலாவைக் கவனியுங்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் உச்சியிலும் ஒரு கணம் தயங்கி நிற்கும். உள்ளே பச்சைத் தண்ணீர் பீச்சி, ஆவி சுருங்கி, வெளிக்காற்று அமுக்கத் தொடங்குவதற்கு ஆகும் நேரம் அது.